மரவள்ளியில் தேமலும் மாவுப்பூச்சியும்: கரணையைத் தேர்ந்து நட வேண்டும்

கல்வராயன் மலைச் சரிவிலும் அதன் அடிவாரத்தில் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளிலும் மரவள்ளி ஒரு முக்கியப் பணப்பயிர். இப்பகுதி மக்கள் இதைக் குச்சிக்கிழங்கு என்று அழைப்பார்கள். மலையில் பெரும்பாலும் மானாவாரியாகவும், கீழே கிணற்றுப் பாசனத்திலும் பயிராகிறது. நெல்லுக்குத் தண்ணீர் போதாத நிலத்திலும், கரும்புக்கு வசதி இல்லாத சிறு விவசாயியிடமும் நிற்கும் பயிர் இது. நட்டது முதல் ஒன்பது, பத்து மாதம் காத்திருந்து, ஒரே முறையில் பறித்து, சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினால்தான் கையில் பணம் வரும். நடுவில் எதுவும் வராது. ஆகவே, நட்ட முதல் இரண்டு மாதத்தில் நேரும் தவறு பத்தாம் மாதத்தில்தான் கணக்கில் தெரிகிறது. அப்போது திருத்திக் கொள்ளவும் வழியில்லை.

நோய் தாக்கிய செடியில் கிழங்கின் எடை குறைவதோடு கதை முடிவதில்லை. ஆலையில் கிழங்கிலுள்ள மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' கணக்கில்தான் விலை போடுகிறார்கள். நோயும் பூச்சியும் தாக்கி இலை கொட்டிய செடியில் மாவுச்சத்தும் இறங்கிவிடும். எடையிலும் நட்டம், பாயிண்டிலும் நட்டம்.

இவ்வட்டாரத்தில் மரவள்ளிக்கு நெடுங்காலமாக இருந்து வரும் எதிரி தேமல் நோய். அண்மையில் வந்து சேர்ந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. இரண்டும் வேறு வேறு வகையானவை. ஆனால் இரண்டும் ஒரே வாகனத்தில்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அந்த வாகனம் விவசாயி தன் கையாலேயே சுமந்து வரும் குச்சிக் கட்டு.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் அல்ல

இலை மஞ்சளித்தால் உடனே மருந்துக் கடைக்குப் போவது பலருக்கு வழக்கம். மரவள்ளியில் இலை மஞ்சளிக்கவும் சுருங்கவும் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது. எனவே செலவு செய்வதற்கு முன் செடியின் அருகில் நின்று பார்ப்பது நல்லது.

தேமல் நோயில் இலையில் பச்சையும் வெளிர் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரியும். இலையின் விரல் போன்ற பிரிவுகள் கோணலாகி, ஒரு பக்கம் சிறுத்து, ஒரு பக்கம் வளைந்திருக்கும். இது நச்சுயிரி எனப்படும் வைரஸால் வருவது. இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என இதில் இரு வகைகள் நம் நாட்டில் உள்ளன. இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. கடையில் யார் எந்தப் புட்டியைக் காட்டி என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நோய் கண்ட செடி பறிக்கும் நாள் வரை நோய்ச் செடிதான். அதன் குச்சியை நட்டால் முளைப்பதும் நோய்ச் செடிதான்.

இரும்புச்சத்துக் குறைவு வேறு மாதிரி இருக்கும். கொழுந்து இலைகள் ஒரே சீராக வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இலையின் வடிவம் கெடாது. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களிலும், தண்ணீர் தேங்கும் நிலங்களிலும் இதை அதிகமாகக் காணலாம். இதற்கு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, இலை நன்கு நனையுமாறு ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். சிட்ரிக் அமிலம் கிடைக்காவிட்டால் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொள்ளலாம். தெளித்தும் பச்சை திரும்பவில்லை, இலையும் கோணலாக இருக்கிறது என்றால் அது இரும்புக் குறைவு அல்ல, தேமல் என்று முடிவு செய்யலாம்.

மூன்றாவது, மாவுப்பூச்சியின் வேலை. இதில் மஞ்சள் திட்டு இராது. செடியின் கொழுந்து முறுக்கிக் கொண்டு, கணுக்கள் நெருங்கி, இலைகள் முட்டைக்கோசு போல ஒரே கொத்தாகக் குவிந்து நிற்கும். கொத்தைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை மாவு பூசிய இளஞ்சிவப்பு நிறப் பூச்சிகள் அடை அடையாக இருக்கும். தாக்குதல் முற்றினால் இலை கொட்டித் தண்டு மட்டும் மெழுகுவத்தி போல் நிற்கும். இந்த முறுக்கலைத் தேமல் என்று எண்ணி 'இதற்கு மருந்தில்லை' என்று சும்மா விட்டவர்களும் உண்டு. தேமலைப் பூச்சி என்று எண்ணி மருந்தடித்துக் கடனானவர்களும் உண்டு.

நல்ல செடியை எப்போது அடையாளம் வைப்பது?

பெரும்பாலான விவசாயிகள் குச்சியைத் தேர்ந்தெடுப்பது அறுவடை நாளில்தான். தடித்த குச்சியா, நீளமானதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இதில்தான் தவறு நேர்கிறது. அறுவடையின் போது செடியில் கீழ் இலைகள் எல்லாம் கொட்டி, உச்சியில் சிறிதளவே இலை இருக்கும். வெயில் காலமாக இருந்தால் தேமல் அறிகுறியும் மங்கிப் போயிருக்கும். வைரஸ் குச்சிக்குள் அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. தடித்த குச்சி என்று எடுத்து நட்டால் முதல் இலையிலேயே தேமல் தலைகாட்டும்.

பயிர் மூன்று மாதம் முதல் ஐந்து மாதம் வரை இருக்கும் காலத்தில், இலைகள் செழிப்பாக உள்ளபோதே, வயலுக்குள் வரிசை வரிசையாக நடந்து, சிறிதும் தேமல் இல்லாத செடிகளில் ஒரு துணிக் கிழிசலையோ கயிற்றையோ கட்டி வைக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் மீண்டும் ஒரு முறை நடந்து, இடையில் நோய் கண்டவற்றின் அடையாளத்தை அவிழ்த்துவிட வேண்டும். அறுவடையில் துணி கட்டிய செடிகளின் குச்சிகளை மட்டும் தனியே கட்டி வைக்க வேண்டும்.

இது பெரிய வேலை போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5000 கரணைகள் வேண்டும். பழுதுக்கென்று பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 5500. ஐந்து, ஆறடி உயரக் குச்சியில் நுனியின் பச்சைப் பாகத்தையும் அடியின் கட்டைப் பாகத்தையும் தள்ளிவிட்டால் நடுவில் சுமார் மூன்றடி தேறும். அதில் அரையடிக் கரணை ஆறு கிடைக்கும். செடிக்கு இரண்டு குச்சி என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு கரணை. ஆக, ஒரு ஏக்கர் நடுவதற்கு 500 நல்ல செடிகளுக்கும் குறைவாகவே போதும். ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு செடி நோயில்லாமல் இருந்தாலும், மறு ஆண்டு ஒரு ஏக்கருக்கு வேண்டிய கரணை சொந்த நிலத்திலேயே இருக்கிறது. பத்தில் ஒரு செடி கூடத் தேறவில்லை என்றால் அந்த வயல் குச்சியை ஒன்று விடாமல் ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து நல்ல குச்சி வாங்குவதே நல்லது.

வெளியிலிருந்து வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆலைக்குக் கிழங்கு ஏற்றிச் சென்ற வண்டியில் திரும்பும்போது ஏற்றி வரும் குச்சி எந்த ஊர் வயலில் விளைந்தது, அங்கு என்ன நோய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இலங்கைத் தேமல் வைரஸ் 2015ஆம் ஆண்டு கம்போடியாவில் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவிவிட்டது. அங்கும் நோய் தொலை தூரம் போனது பெரும்பாலும் கரணை வியாபாரத்தின் வழியாகத்தான். பக்கத்து ஊர் வயலானாலும், பயிர் நிற்கும்போது ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர் ஏமாறுவதில்லை.

இரகத்தைப் பொறுத்தவரை, இப்பகுதியில் வெள்ளைத் தாய்லாந்து, குங்குமரோஸ், முள்ளுவாடி போன்றவை நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ளன. ஆலைக்காரர் விரும்புகிறார் என்பதால் விவசாயியும் அவற்றை விடுவதில்லை, அதில் நியாயமும் உண்டு. ஆனால் தேமல் முற்றிய வட்டாரங்களில் நோய் தாங்கும் இரகத்தை ஒரு பகுதியிலாவது நட்டுப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஸ்ரீ ரக்ஷா தேமலை எதிர்க்கும் இரகம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் புதிய இரகங்களை வெளியிட்டு வருகிறது. சங்கராபுரத்திலிருந்து ஏத்தாப்பூர் போய் வர ஒரு நாள் போதும். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து போய், சில கட்டுக் குச்சி வாங்கி வந்து, தங்கள் மண்ணில் பெருக்கிக் கொண்டால் மறு ஆண்டு பஞ்சமில்லை.

கரணை வெட்டும்போது

பறித்த குச்சியை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. மர நிழலில், அடிப்பாகம் மண்ணில் படும்படி செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் நடுவில் சூடேறி முளைக்கண் கெடும். இரண்டு மாதத்துக்கு மேல் வைத்த குச்சியை நம்ப முடியாது. குச்சி உயிரோடு இருக்கிறதா என்பதை நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தே அறியலாம். பால் உடனே கசிந்தால் நல்லது. கசியாமல் வறண்டிருந்தால் அது விறகு.

கரணை அரையடி நீளமும் எட்டு முதல் பத்துக் கணுவும் உள்ளதாக இருக்க வேண்டும். கூர்மையான கத்தியால் அல்லது சிறு ரம்பத்தால் நேராக வெட்ட வேண்டும். மொட்டைக் கொடுவாளால் கட்டையில் வைத்துக் கொத்தினால் முனை பிளந்து, அந்தப் பிளவு வழியே பூசணம் புகும். வெட்டிய கரணைகளை லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் கலந்த நீரில் 15 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடலாம். மானாவாரிக்கு லிட்டர் நீரில் பொட்டாஷ், துத்தநாக சல்பேட், அன்னபேதி ஒவ்வொன்றும் 5 கிராம் வீதம் கரைத்து 20 நிமிடம் ஊறவைப்பது வறட்சியைத் தாங்க உதவும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களை மருந்துக் கரைசலோடு கலக்கக் கூடாது. அவற்றைத் தொழு உரத்துடன் கலந்து நிலத்தில் இடுவதே எளிது.

குச்சி வாங்கிய வயலில் மாவுப்பூச்சி இருந்தது என்று ஐயம் வந்தால் அந்தக் குச்சியை வாங்காமல் விடுவதே மேல். வேறு வழியில்லை என்றால் கரணையைப் பூச்சிக்கொல்லிக் கரைசலில் நனைத்த பின் நட வேண்டும். தாய்லாந்தில் இப்பூச்சி பரவியபோது தயாமீத்தாக்சாம் கரைசலில் 5 முதல் 10 நிமிடம் நனைத்து நட்டார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். மருந்து நீரில் கை வைப்பவர் உறை அணிய வேண்டும். நனைத்த கரணை, கழிவு நீர் இரண்டும் மாட்டுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தொலைவில் இருக்க வேண்டும்.

நாற்றங்காலில் ஒரு வடிகட்டல்

அடையாளம் வைத்தும் தப்பி வரும் நோய்க் கரணைகளைக் கழிக்க மற்றொரு வழி உண்டு. மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை இது. கரணைகளை நேரடியாக வயலில் நடாமல், முதலில் ஒரு சிறு பாத்தியில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக ஊன்ற வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 500, 600 கரணை பிடிக்கும். ஆகவே ஒரு ஏக்கருக்கான கரணைக்கு ஏறக்குறைய கால் சென்ட் இடம் போதும். பூவாளியால் நீர் தெளித்து வந்தால் பத்துப் பதினைந்து நாளில் முளைத்து இலை விடும். நோயுள்ள கரணை அந்த முதல் இலைகளிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு, 20 முதல் 25 நாள் ஆனதும் நல்லவற்றை மட்டும் வேர் அறாமல் எடுத்து வயலில் நட வேண்டும்.

நடவுக் கூலி சிறிது கூடும் என்பது உண்மை. ஆனால் மலைச்சரிவு மானாவாரிக்கு இம்முறையில் வேறொரு இலாபமும் இருக்கிறது. மழை எப்போது வரும் என்று தெரியாத சித்திரை, வைகாசியில், குடத்து நீரிலேயே கால் சென்ட் பாத்தியைக் காப்பாற்றி வைத்திருக்கலாம். நல்ல மழை பெய்த மறுநாள் வேர் பிடித்த செடி வயலுக்குப் போகும். ஒரு மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் கரணை ஊன்றி, அடுத்த மழை பிந்திப் பாதிக் கரணை காய்ந்து போகும் நட்டம் குறையும். பாத்தியில் மிஞ்சியவை பிறகு பட்டுப்போன இடம் நிரப்பவும் ஆகும்.

மண்ணின் பங்கு

கிழங்கு மண்ணுக்குள் பருக்க வேண்டிய பயிர். அடிமண் இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகும், சிறுக்கும், பறிக்கும்போது ஒடியும். ஆண்டுதோறும் டிராக்டர் ஓடிக் கடினப்பட்ட நிலத்தை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உளிக்கலப்பையால் ஆழமாகக் கிளறிவிட வேண்டும். செம்மண், செம்பொறை நிலங்கள் ஏற்றவை. களர், உவர் நிலமும், தண்ணீர் வடியாத களிமண்ணும் ஆகாது.

தண்ணீர் தேங்குவதால் வரும் பெரிய தீங்கு கிழங்கழுகல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் இரண்டு நாள் நீர் நின்றால் போதும். மேலே செடி பச்சையாகவே இருக்கும், அடியில் கிழங்கு பழுப்பாகி, நீர் கோத்து, கெட்ட வாடை வீசும். மேலே பார்த்து யாரும் அறிய முடியாது. ஃபைட்டோப்தோரா என்னும் பூசணம் இதற்குக் காரணம். அழுகிய பின் செய்வதற்கு எதுவும் இல்லை. பார் அமைத்து, பாரின் பக்கவாட்டில் நட்டு, வயலின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டி வைப்பது முன்னரே செய்ய வேண்டிய வேலை. சென்ற ஆண்டு அழுகல் கண்ட நிலத்தில் இந்த ஆண்டும் மரவள்ளி வைக்கக் கூடாது. சோளம், மக்காச்சோளம் அல்லது நிலக்கடலை போட்டு மாற்ற வேண்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும், 1 கிலோ டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் கலந்தும் இடுவது அழுகலையும் கரையானையும் ஓரளவு தடுக்கும்.

மலையில் நிலைமை வேறு. அங்கு நீர் தேங்குவதில்லை, ஓடுகிறது, மேல்மண்ணையும் எடுத்துக் கொண்டு ஓடுகிறது. மரவள்ளி முதல் மூன்று மாதம் நிலத்தை மூடுவதில்லை. அறுவடையின் போது நிலம் முழுவதும் தோண்டப்படுகிறது. சரிவில் மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான். கல்வராயனில் ஆண்டாண்டாக ஒரே நிலத்தில் மரவள்ளி நட்டுக் கல் தெரியும் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்து, பத்து, பதினைந்து வரிசைக்கு ஒரு கல் வரப்போ, கொழுக்கட்டைப் புல் வரிசையோ அமைத்தால் மண் நிற்கும். இடும் உரமும் நிற்கும்.

உரம் பற்றிச் சில வார்த்தை. மரவள்ளி சாம்பல்சத்தை மிக அதிகமாக எடுக்கும் பயிர். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் செடி வீட்டுக்கூரை உயரம் வளரும், கிழங்கு வளராது. கொழுந்து மென்மையாகிப் பூச்சிக்கும் விருந்தாகும். இறவையில் ஏக்கருக்கு 10 டன் தொழு உரத்துடன், அடியுரமாக யூரியா 39 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 225 கிலோ, பொட்டாஷ் 80 கிலோவும், 90ஆம் நாள் மண் அணைக்கும்போது யூரியா 39 கிலோ, பொட்டாஷ் 80 கிலோவும் இட வேண்டும். மானாவாரிக்கு 5 டன் தொழு உரமும், அடியுரமாக யூரியா 43 கிலோ, சூப்பர் 162 கிலோ, பொட்டாஷ் 83 கிலோவும் போதும். மண் பரிசோதனை செய்தவர்கள் அட்டையில் உள்ளபடி கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம்.

முதல் அறுபது நாள்

கரணையின் கணுக்கள் மேல் நோக்கி இருக்க, செங்குத்தாக, மூன்று விரற்கடை ஆழம் ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றிய கரணை முளைத்தாலும் தேறாது. ஆள் வைத்து நடும்போது கரணையின் அடிமுனையைச் சாய்வாகச் சீவிக் கொடுத்தால் இந்தத் தவறு நேராது. நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மூன்று மாதம் வரை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை என்ற கணக்கு இறவைக்கு.

பட்டுப்போன இடங்களை 20 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குமேல் நட்ட செடி பக்கத்துச் செடியின் நிழலில் அடங்கிவிடும். ஏக்கரில் 500 இடம் காலி என்றால் பத்து சென்ட் நிலத்துக்கு உழவும் உரமும் தண்ணீரும் வீணே போகின்றன. அந்த இடத்தில் களைதான் விளையும்.

தேமல் செடிகளைப் பிடுங்குவதும் இதே காலத்தில்தான். பிடுங்கும்போது ஒரு குறிப்பைக் கவனிக்கலாம். அடி இலை முதல் நுனி வரை எல்லா இலையிலும் தேமல் இருந்தால் நோய் கரணையோடு வந்தது. அடி இலைகள் சுத்தமாக இருந்து நுனியில் மட்டும் தேமல் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டு வந்தது. முதல் வகை அதிகம் என்றால் அடுத்த முறை குச்சி வாங்கும் இடத்தை மாற்ற வேண்டும். இரண்டாம் வகை அதிகம் என்றால் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் தேமல் முற்றிய பழைய மரவள்ளி நிற்கலாம். அல்லது வெள்ளை ஈ விரும்பும் கத்தரி, வெண்டை, பருத்தி இருக்கலாம். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைத்தால் ஈயின் நடமாட்டம் தெரியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 30 மில்லி, சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்பக்கம் படுமாறு தெளிக்கலாம்.

இரண்டு மாதத்தில் செடிக்கு இரண்டு நல்ல தளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். ஊடுபயிராகச் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, உளுந்து ஆகியவை இந்த இரண்டு மாத இடைவெளியில் செலவுக்குக் கைகொடுக்கும்.

குளவி வந்த கதை

மரவள்ளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் காங்கோ பகுதியில் புகுந்து, கிழங்கையே சோறாக உண்ணும் மக்களைத் தவிக்க வைத்தது. மருந்தடிக்க அங்குள்ள ஏழைகளிடம் காசும் இல்லை. தென் அமெரிக்காவில் இப்பூச்சி ஏன் தொல்லை தரவில்லை என்று தேடிப் போன அறிவியலாளர்கள் 1981ல் பராகுவே நாட்டில் இதை அழிக்கும் ஒரு சிறு குளவியைக் கண்டனர். அனகைரஸ் லோபேசி என்பது அதன் பெயர். எறும்பை விடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு பூச்சியைத் தின்று தீர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் புதிய குளவியாக வெளிவரும். அதை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பிய பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தும் 2009ல் இதே குளவியை வரவழைத்துப் பயனடைந்தது.

நம் நாட்டில் இப்பூச்சி 2020ல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டது. விரைவிலேயே தமிழகத்தின் மரவள்ளி மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பின் 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடுத்தது. பப்பாளி மாவுப்பூச்சி 2008ல் கோவையில் தோன்றி மல்பெரி, பப்பாளி, மரவள்ளியைச் சூறையாடியபோதும் இப்படித்தான் 2010ல் வெளிநாட்டுக் குளவி வந்து அதை அடக்கிற்று. மூத்த விவசாயிகள் பலருக்கு அது நினைவிருக்கும். இவ்விரு பூச்சிகளையும் பிரித்தறிவது எளிது. நசுக்கினால் மஞ்சளாகத் தெரிவது பப்பாளி மாவுப்பூச்சி. கொழுந்தில் அடையும் இளஞ்சிவப்புப் பூச்சிதான் புதியது. ஒன்றின் குளவி மற்றொன்றைத் தொடாது.

மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆண் இல்லாமலே பெண் முட்டையிடும். ஒரே ஒரு பூச்சி ஒரு கரணையோடு வந்தாலும் ஒரு கூட்டம் உருவாக அது போதும். தை முதல் வைகாசி வரை, வெயிலும் வறட்சியும் உள்ள மாதங்களில் பெருகும். பலத்த மழை அடித்துச் சென்றுவிடும். எனவே தை பிறந்ததும் வாரம் ஒரு முறை வயலைச் சுற்றி, கொழுந்து முறுக்கிய செடிகளைக் கண்டு, அந்தக் கொழுந்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே ஒடித்து, வெளியே கொண்டு வந்து எரிக்க வேண்டும். வெறும் கையில் ஒடித்து வரப்பில் எறிந்தால் குஞ்சுகள் காற்றிலும் துணியிலும் ஒட்டிப் பக்கத்துச் செடிக்குப் போகும். எரிப்பதற்கு முன் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. வெள்ளை மாவு உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் உப்பி, காய்ந்த விதை போல ஒட்டியிருக்கும் கூடுகள் தெரிந்தால் அவை குளவி வளரும் பூச்சிகள். அக்கொழுந்துகளை எரிக்காமல் செடியிலேயே விட்டுவிட வேண்டும். அந்த வயலில் இரசாயன மருந்து தெளிக்கவும் கூடாது. மருந்துக்கு மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வை ஓரளவு காப்பு, குளவிக்கு எந்தக் காப்பும் இல்லை.

எறும்பு ஏறும் செடிகளையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். எறும்புப் புற்றுகளை உழவில் கலைத்துவிட வேண்டும். தாக்குதல் ஓரங்களில் மட்டும் இருக்கும்போது மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கலந்து அந்தச் செடிகளுக்கு மட்டும் தெளித்தால் போதும். வயல் முழுவதும் கண்டு, குளவிக் கூடு எங்கும் தென்படாவிட்டால் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஏத்தாப்பூர் நிலையத்திலும் குளவி இருப்பு பற்றிக் கேட்டுப் பெற்று விட வேண்டும். ஒருவர் மட்டும் விட்டு, பக்கத்து வயல்காரர் மறுநாள் மருந்தடித்தால் பயனில்லை. விடும் நாளை அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறுவடை முடிந்த பிறகு நடவுக்கு ஆகாத குச்சிகளை வேலியோரம் குவித்து வைப்பது இப்பகுதியில் பொதுவான வழக்கம். முதல் மழையில் அவை தாமே துளிர்க்கும். புதிதாக நட்ட வயலுக்கு வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் அங்கிருந்துதான் முதலில் வருகின்றன. அடுப்புக்கு வேண்டியதைப் பட்டை உரித்துக் காயவைத்துக் கொண்டு, மீதியை நடவுக்கு முன்பே எரித்துவிட வேண்டும். கிழங்கு பறித்த நிலத்தில் தானாக முளைத்து நிற்கும் பழைய செடிகளையும் அதோடு பிடுங்கிவிட வேண்டும்.